சவுண்டு இருபது

எல்சிடி டிவி ஊருக்குள் வந்த புதுசு. பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த என் ரிப்பேர் கடைக்கு, கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் தன் டிவியைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். ஆன் பண்ணினால் கம்பெனி பெயரோடு அப்படியே நின்றுவிடும். மெயின் போர்டில் இருந்த எட்டுக் கால் மெமரி ஐசியில் புரோகிராம் கெட்டுப்போயிருந்தது. எங்கள் வீட்டு டிவியும் அதே மாடல். அதன் ஐசியில் இருந்ததை ஒன்று விடாமல் நகலெடுத்து அவருடையதில் ஏற்றினேன். படம் பளிச்சென்று வந்துவிட்டது.

மறுநாள் மனைவியோடு வந்து நின்றார்.

"சவுண்டு இருபதுக்கு மேல ஏற மாட்டேங்குதுங்க. ஏத்தினா நம்பர் கேட்டுகினே இருக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கிரிக்கெட்டை அலறவிடுகிறேன் என்று என் மனைவி போட்ட பூட்டு அது! அதுவும் சேர்ந்து ஏறியிருக்கிறது. நம்பர் அவளுக்கு மட்டும்தான் தெரியும். என்னிடம் சொல்வாளா?

போன் போட்டுக் கடைக்கு வரவழைத்தேன். வாத்தியார் விஷயத்தைச் சொல்லும்போதே, அவர் முதுகுக்குப் பின்னால் அந்தம்மா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். என் மனைவி கொஞ்சம் யோசிப்பதுபோல் நின்றாள்.

"ஐயோ, மறந்தே போச்சுங்க சார்."

அன்று சாயந்திரம் மேட்ச். நான் கேட்காமலேயே ரிமோட்டைப் பிடுங்கி, நாலு நம்பரைத் தட்டி, முப்பது வரைக்கும் ஏற்றிக் கொடுத்தாள்.

"வாத்தியாராண்ட வாயத் தொறந்தீங்க, பத்துக்கு எறக்கிடுவேன்."