நாற்பத்திரண்டில் பதினேழு போனால்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். முப்பது குழந்தைகள் சேர்ந்து கத்தினாலும் வராது. பெற்றோர் இரண்டு பேர் வந்து நின்றால் போதும், சுர்ரென்று ஏறிவிடும். அந்தச் சனிக்கிழமை நான் கிளம்பும்போது வீட்டுக்காரர் வாசல் வரை வந்து சொன்னார்: "கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. சண்டைக்கு நிக்காத."

தெலுங்கு ஊரில், ஏ.எஸ்.ராவ் நகர் என்ற பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எங்கள் வகுப்பில் கணக்கு குச்சியில்தான் ஆரம்பிக்கும். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போடுவோம். கட்டு என்றால் பத்து, தனிக்குச்சி என்றால் ஒன்று. குழந்தைகள் தரையில் உட்கார்ந்து கட்டுவார்கள், அவிழ்ப்பார்கள், சேர்ப்பார்கள், எடுப்பார்கள். நோட்டில் எழுதுவது அதற்கு அப்புறம்தான். இந்த முறையைக் கொண்டுவர தலைமையாசிரியையிடம் நான் இரண்டு வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ஆனால் எங்கள் பேட்டைப் பெற்றோர் லேசுப்பட்டவர்கள் இல்லை. வீட்டுக்கு வீடு இன்ஜினியர். தமிழோ தெலுங்கோ, எல்லோரும் கணக்குப் போட்டே முன்னுக்கு வந்தவர்கள். பிள்ளை நோட்டில் ஒரு கழித்தல் கூட இல்லையே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வாட்ஸ்அப்பில் புகைந்து புகைந்து, கடைசியில் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்துவிட்டார்கள். தலைமையாசிரியை தெலுங்கு அம்மா; சுற்றி வளைக்கத் தெரியாதவர். சனிக்கிழமை நீங்களே அவர்களுக்குப் புரிய வையுங்கள், முடியவில்லை என்றால் திங்கட்கிழமையிலிருந்து குச்சி கிடையாது, புத்தகம் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்.

கூட்டத்தில் நான் முதல் பத்து நிமிஷம் நன்றாகத்தான் பேசினேன். கை செய்தால்தான் மூளைக்குப் போகும், இலக்கத்தின் மதிப்பு என்ன, அது இது என்று. யாரும் கேட்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்க எல்லாம் குச்சியில்லாமத்தானே படிச்சோம்?" என்று ஒரு அம்மா கேட்டார். "படிச்சீங்க, புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். ஹால் முழுக்க சலசலப்பு. தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையில் குச்சி எல்லாம் மூட்டை கட்டியாகிவிட்டது.

அப்போதுதான் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. கோயம்புத்தூர்க்காரர், சனத்நகரில் ஒரு பட்டறையில் டிசைன் இன்ஜினியர். பக்கத்தில் அவர் மகள், என் வகுப்புப் பிள்ளை. வீட்டில் பேசும் தமிழ் அத்தனையும் அவளுக்குப் புரியும்; பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும்.

"மேடம், நான் இதுக்கு எதிரி இல்லீங்க. நீங்க சொன்னீங்கன்னு ரெண்டு ஞாயித்துக்கெழமை உக்காந்து நானே செஞ்சனுங்க," என்று ஒரு மரப்பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். "ஆனா பாருங்க, நாப்பத்திரண்டுல பதினேழு போனா எத்தனைன்னு கேட்டா பெட்டியப் பாத்து முழிக்கிறா. பள்ளிக்கூடத்துல போடறேன்னு சொல்றா, வீட்ல வரமாட்டேங்குது. இதுக்கு என்னங்க அர்த்தம்?"

பெட்டிக்குள் பார்த்தேன். என்ன அழகு! குச்சிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, பத்துப் பத்தாக அடுக்கியிருந்தார். ஒரு கட்டை எடுத்தேன். பலகை மாதிரி விறைப்பாக இருந்தது. ரப்பர் பேண்டே இல்லை. பத்துக் குச்சியையும் சேர்த்துப் பசை போட்டு ஒட்டியிருந்தார் மனுஷன்.

"ஏன் சார் ஒட்டினீங்க?"

"ரப்பர் பேண்டு இத்துப் போயிருமுங்க. கழண்டு கழண்டு வருது. இப்ப பாருங்க, கீழ போட்டாக்கூட ஒண்ணும் ஆகாது."

எதுவும் கழன்று வரக் கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கோபம் போன இடம் தெரியவில்லை. "சார், கொஞ்சம் கீழ உக்காருங்க," என்றேன். பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவர் முன்னால் அவருடைய நாலு பலகையையும் இரண்டு தனிக்குச்சியையும் வைத்தேன்.

"இதுல எனக்குப் பதினேழு குடுங்க."

ஒரு பலகையை எடுத்துக் கொடுத்தார். பத்து ஆச்சு. இன்னும் ஏழு வேண்டும். தனியாக இருப்பது இரண்டு. கை அந்தரத்தில் நின்றது.

"பக்கத்து எடத்துல இருந்து ஒண்ணு வாங்கணுமுங்க," என்றார்.

"வாங்குங்க."

இன்னொரு பலகையை எடுத்தார். நகத்தால் நெம்பிப் பார்த்தார். திருப்பினார். போன் பார்த்துக்கொண்டிருந்தவர்கூட எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்.

மகள் அவர் காதருகே குனிந்து, "அதுக்குப்போயிந்தி டாடி," என்றாள். ஒட்டிக்கொண்டுவிட்டதாம். தினமும் வீட்டில் அவளுக்கு நேர்ந்தது இதுதான், சொல்லத்தான் தெரியவில்லை.

பிறகு அவள் யாரும் சொல்லாமலே நான் கொண்டுவந்திருந்த கூடைக்குப் போய் எங்கள் வகுப்புக் கட்டுகளில் நாலும், தனியாக இரண்டு குச்சியும் எடுத்து வந்தாள். அழுக்குக் குச்சிகள், பல்லிளித்த ரப்பர் பேண்டுகள். ஒரு கட்டை அவிழ்த்தாள். பத்துக் குச்சி தரையில் சிதறியது. இரண்டோடு சேர்த்துப் பன்னிரண்டு என்று எண்ணினாள். அதில் ஏழை எடுத்தாள், ஒரு முழுக் கட்டையும் எடுத்தாள், பதினேழையும் அப்பா கையில் வைத்தாள். மீதி இரண்டு கட்டு, ஐந்து குச்சி. "ட்வென்டி ஃபைவ்" என்றாள். என் பிள்ளை! மார்பு விம்மியது என்று எழுதினால் மிகை என்பீர்கள், ஆனால் விம்மத்தான் செய்தது.

அவர் கையில் இருந்த குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேடம், ரெண்டுக்கு மேல பன்னெண்டுன்னு எழுதுவமே... அது இதுதானுங்களா?"

"இதேதான் சார்."

"இத்தன வருசமா சும்மா எழுதிட்டு இருந்திருக்கேன்," என்றார்.

அப்புறம் நடந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அவரே தரையில் இருந்தபடி திரும்பி, தெலுங்கில் மற்றவர்களுக்கு விளக்க ஆரம்பித்தார். என்னை மடக்கிய அந்த அம்மா முதலில் வந்து உட்கார்ந்தார். மூன்று நான்கு அப்பாக்கள் வந்தார்கள். நான் பத்து நிமிஷம் தொண்டை வற்றச் சொன்னதை அவர் ஒரே கட்டில் சொல்லி முடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சரி, திங்கட்கிழமைக்கு என்ன முடிவு?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

கோயம்புத்தூர்க்காரர்தான் பதில் சொன்னார். "திங்கக்கெழமை நான் லீவு போட்டுக்கறேன் மேடம். அடுத்து பெருக்கலாமுங்க, பாப்பா சொன்னா. நானும் கிளாஸ்ல ஒரு ஓரமா உக்காந்துக்கட்டுங்களா?"

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். எனக்குக் கண் மறைத்தது. மகள்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்து, கடைசியில் அனுமதி கொடுத்தாள்.

"கம் மாத்ரம் தேகூடது, டாடி."

பசை மட்டும் கொண்டுவரக் கூடாதாம்.