வசுமதி சந்தேகப்பட்ட ஆள்

அலிப்பூர் கோர்ட்டுக்குப் பின்தெருவில் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு வசுமதி. ரயில்வேக்காரரின் மகள், கரக்பூரில் பிறந்து வளர்ந்தவள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய இரண்டு புத்தகங்களை வைத்தே லினக்ஸ் கற்றுக்கொண்டவள். நான்கு பரிசோதனை இயந்திரங்களின் முடிவுகளை வாங்கி டாக்டர்களுக்கு அனுப்பும் புரோகிராமை அவளே எழுதியிருந்தாள். அதில் மேற்பார்வைக்கு ஒரு தாய் புராசஸ், அதாவது கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் வேலை; அதன் கீழ் இயந்திரத்துக்கு ஒன்றாக நான்கு பிள்ளை புராசஸ்கள். அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

2003 மழைக்காலத்தில் சர்வரில் விபரீதம் ஆரம்பித்தது. ஒரு காலையில் டேட்டாபேஸ் நின்றிருந்தது. பத்து நாள் கழித்து பிரிண்டர் சர்வீஸ். பிறகு மெயில். எதுவும் தானாக விழுந்ததாகத் தெரியவில்லை. யாரோ ஆணை கொடுத்துக் கொன்றது போல் சட்டென்று நின்றிருந்தன.

சர்வரில் எதையும் நிறுத்த அதிகாரம் தரும் ரூட் பாஸ்வேர்ட் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் அவள், இன்னொருவர் அவளிடம் வேலை பார்த்த வாஞ்சிநாதன். காலை எட்டு மணிக்கு ஆபீஸைத் திறப்பவன் அவன்தான். தமிழ்ப் பையன், வங்காளிகள் அக்காவைக் கூப்பிடுவது போல் அவளை வாய் நிறைய "தீதி" என்று கூப்பிடுவான். இப்போது அந்த அழைப்பே அவளுக்குப் பொய்யாகப் பட்டது. அவள் புரோகிராமைப் பற்றி ஏன் இத்தனை கேள்வி கேட்கிறான்? அவளைப் பார்த்ததும் ஸ்க்ரீனை ஏன் மாற்றுகிறான்?

சொல்லாமல் பாஸ்வேர்டை மாற்றினாள். மூன்று வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. அது போதுமானதாக இருந்தது. மேனேஜர் ரமேஷ்பாபுவிடம் போய்ச் சொன்னாள். வாஞ்சிநாதனை டாலிகஞ்ச் கிளையில் பில் போடும் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். காரணம் யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பலத்த மழை, கரண்ட் போய் வந்தது. மறுநாள் காலை டேட்டாபேஸ் மறுபடி செத்துக் கிடந்தது.

வாஞ்சிநாதன் வெளியிலிருந்து மோடம் வழியாக உள்ளே வருகிறானோ என்றுதான் முதலில் நினைத்தாள். மோடத்தின் வயரையே பிடுங்கிவிட்டு, சர்வரின் பதிவுகளை வரி வரியாகப் படித்தாள். கொல்லப்பட்ட டேட்டாபேஸின் எண் 1147. அதே காலை எட்டு பத்துக்கு, புரோகிராமை ஆரம்பித்து வைக்க அவள் எழுதியிருந்த ஸ்கிரிப்ட், '1147-ஐ நிறுத்துகிறேன்' என்று எழுதி வைத்திருந்தது.

லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு புராசஸுக்கும் ஓர் எண் உண்டு. அது போன பிறகு அந்த எண் வேறொன்றுக்குக் கிடைக்கலாம். வசுமதியின் புரோகிராம் தன் எண்ணை ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். தினமும் காலையில் ஸ்கிரிப்ட் அதைப் படித்து, பழையதை நிறுத்திவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். கரண்ட் போனால் புரோகிராம் போய்விடும், ஃபைல் மட்டும் அப்படியே கிடக்கும். சர்வர் மறுபடி எழும்போது அந்த எண் வேறு யாருக்காவது போயிருக்கும். ஸ்கிரிப்ட் ஆள் யாரென்று பார்க்காமலே கொன்றது. அந்த மூன்று வாரமும் கரண்ட் போகவில்லை, அவ்வளவுதான்.

ஸ்கிரிப்ட்டைத் திருத்தி எழுதினாள். எண்ணுக்குரியது தன் புரோகிராம்தானா என்று முதலில் பார்க்கும். பிறகு நிற்கச் சொல்லும். பிள்ளைகள் கையிலுள்ள வேலையை முடித்துப் போகும்வரை தாய் காத்திருக்கும். பிறகு ஃபைலை அழித்துவிட்டுத் தானும் போகும்.

அவள் சொன்னதைக் கேட்ட ரமேஷ்பாபு, யாருக்கும் தெரியாத விஷயத்தை ஏன் கிளற வேண்டும் என்றார்.

"அவன் மேல தப்பில்லைன்னு லெட்டரை நானே எழுதறேன் சார். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றாள் வசுமதி.

டாலிகஞ்சுக்கு அவளே எடுத்துப் போனாள். வாஞ்சிநாதன் நின்றபடியே முழுக்கப் படித்தான்.

"ஸ்கிரிப்ட் தப்பு பண்ணிச்சு, சரி. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

மன்னிப்புக் கேட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அடுத்த மாதமே அலிப்பூருக்குத் திரும்பி வந்தான். இரண்டு வருஷம் குறையில்லாமல் வேலை பார்த்தான். ஆனால் சர்வர் அறைக்குள் ஒரு நாளும் தனியாகப் போகவில்லை. போகும்போதெல்லாம் வாசல் காவலாளியைக் கூப்பிட்டு, கதவருகில் உட்கார வைத்துக்கொள்வான்.