தேர்ச்சி குறையும் என்று எழுதியவர்

அந்த உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் சல்லடை போடுவார்கள். ஆசிரியர்கள் அறையில் அதற்கு அதுதான் பெயர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தேறமாட்டார்கள் என்று தோன்றும் பிள்ளைகளின் பெற்றோரைத் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்புவார். நாற்காலி போட்டு, டீ வரவழைத்துக் கொடுத்து, "பிள்ளைக்கு இங்க பாரம் ஜாஸ்தி. சின்னப் பள்ளிக்கூடமாப் பார்த்துச் சேர்த்தீங்கன்னா நிம்மதியாப் படிக்கும்" என்பார். யாரையும் வெளியே அனுப்பியதாக இருக்காது. பெற்றோரே கேட்டு விடுகைச் சான்றிதழ் வாங்கிப் போனதாகத்தான் எழுத்தில் இருக்கும். மிஞ்சியவர்கள் மட்டும் பரீட்சை எழுதுவதால் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அந்த நூறுக்காகத்தான் ஊர் அந்தப் பள்ளியில் இடம் கேட்டு முட்டி மோதியது.

கணக்கம்மா அங்கே கணக்கு டீச்சராகச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தவர். பிள்ளைகள் வைத்த பெயர் அது. சக ஆசிரியர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். விடை சரியாக இருந்தாலும் வழி சரியில்லை என்றால் மதிப்பெண் போடமாட்டார். சல்லடை விஷயத்தில் வருடா வருடம் சண்டை போடுவார், வருடா வருடம் தோற்பார். "உங்க கைக்கு வரும்போது நீங்க பாத்துக்குங்க டீச்சர்" என்று சிரித்தே அவர் வாயை அடைத்துவிடுவார் பழைய தலைமையாசிரியர்.

அவர் ஓய்வுபெற்றுப் போனதும், பணியில் மூத்தவர் என்பதால் பொறுப்பு கணக்கம்மாவின் கைக்கு வந்தது. ஆனால் அது தற்காலிகம். மூன்று ஆண்டுகளுக்கான பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை எழுதிக் கொடுத்து, அதைக் கல்வி அதிகாரி ஒப்புக்கொண்டால்தான் பதவி நிலைக்கும்.

பொறுப்பேற்ற வாரமே ஒரு நாள் காலையில் பார்த்தால், அறைக்கு வெளியே பெஞ்சு நிறையப் பெற்றோர். கணக்கம்மா எழுத்தரைக் கூப்பிட்டார்.

"யாரு இவங்களை வரச் சொன்னது?"

"நான்தான் மேடம். எப்பவும் இந்த வாரம்தானே கூப்பிடுவோம்? சர்ட்டிபிகேட் எல்லாம் அடிச்சு, வகுப்பாசிரியர் கையெழுத்தும் வாங்கி ரெடியா வச்சிட்டேன். உங்க கையெழுத்தும் சீலும்தான் பாக்கி." எழுத்தரின் முகத்தில் அப்படியொரு பெருமை.

"சுறுசுறுப்புல உங்களை மிஞ்ச ஆளில்லை. அதே சுறுசுறுப்போட எல்லாத்தையும் கிழிச்சுப் போடுங்க."

வெளியே வந்து, "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. உங்க பிள்ளைங்க பத்தாவது இங்கதான் படிக்கப் போறாங்க" என்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இதில் வேறு ஏதோ சூது இருக்கிறது என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சலவைக்கடையில் இஸ்திரி போடும் பெண் ஒருத்தி எழுந்தாள். முன்னங்கை முழுக்கச் சூட்டுத் தழும்பு.

"டீச்சர், என் பொண்ணுக்குப் படிப்பு ஏறாதுன்னு இங்க சொல்லிச் சொல்லி நானும் மனசைத் தேத்திக்கிட்டேன். துணிக்கடையில வேலைக்குச் சொல்லி வச்சாச்சு. இப்ப வந்து படிக்கட்டும்னா எப்படி?"

"கடைக்காரரை ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லும்மா."

"எழுதி பெயிலாயிட்டா?"

"ஆகலாம்."

"என்ன டீச்சர், பொசுக்குன்னு இப்படிச் சொல்றீங்க!"

"பொய் சொல்லி உன்னை அனுப்ப எனக்கு வராது. எழுதிப் பெயிலானா மறுபடி எழுதிக்கலாம். எழுதாமலே அவளைப் பெயிலாக்க நீ யாரு, நான் யாரு?"

"இதை அவ அப்பாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா என்னைத்தான் கத்துவாரு."

"சாயங்காலம் வீட்ல இருக்கச் சொல்லு. வர்றேன்."

போனார். சொன்னார். அந்த மனிதர் கத்தத்தான் செய்தார். கணக்கம்மா அவர் கத்தி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. சல்லடையில் விழ இருந்த பிள்ளைகளுக்கு ஏழாம் வகுப்புக் கணக்கை வைத்து ஒரு சோதனை கொடுத்தார். பலருக்குப் பின்னமே தெரியவில்லை. கீழ்வகுப்புகளில் கடைசிப் பிரிவுக்கு, அந்த நேரம் யார் சும்மா இருக்கிறாரோ அவர்தான் போவது வழக்கம். கெட்டிக்கார ஆசிரியர்கள் எல்லோரும் பத்தாம் வகுப்பில், ஏற்கெனவே தெரிந்த பிள்ளைகளுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆய்வுக்கூடத்தின் உள்ளே கடைசிப் பிரிவுப் பிள்ளைகள் கால் வைத்ததே இல்லை. கணக்கம்மா பாட அட்டவணையைத் தலைகீழாகப் புரட்டினார். தலைமையாசிரியருக்கு வகுப்பு கிடையாது என்ற வழக்கத்தையும் உடைத்து, பத்தாம் வகுப்புக் கடைசிப் பிரிவுக்குக் கணக்கும், ஒன்பதாம் வகுப்புக் கடைசிப் பிரிவின் வகுப்பாசிரியர் வேலையும் தாமே எடுத்துக்கொண்டார்.

ஆசிரியர் கூட்டத்தில் இயற்பியல் ஆசிரியர் பொங்கினார். நிறுத்தாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ சார் என்று பெயர். பணிமூப்பில் கணக்கம்மாவுக்கு அடுத்தவர்.

"பத்தாவதுக்குப் பாடம் எடுத்துப் பேர் வாங்கினவன் நான். என்னைக் கொண்டுபோய் எட்டாவதுல தள்றீங்க. அப்படி என்ன தப்பு பண்ணிட்டேன்?"

"நல்லா நடத்தறீங்க சார். அதான் தப்பு."

அறையே சிரித்தது. ரேடியோ சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

"சரி டீச்சர், தேர்ச்சி விழுந்தா?"

"விழும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். இந்தப் பிள்ளைங்களுக்கு இத்தனை வருஷம் நாம ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை. அந்த அவமானத்தை நாமதான் சுமக்கணும். அவங்க தலையில கட்டி வெளிய அனுப்பக் கூடாது."

வீட்டில், அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவர், கணக்கம்மா எழுதி முடித்திருந்த மேம்பாட்டுத் திட்டத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பிழை பார்ப்பதில் பழகிய கண்.

"ஏம்மா, பதவி கேட்டு எழுதற காகிதத்துல யாராவது, நான் வந்தா தேர்ச்சி குறையும்னு எழுதுவாங்களா?"

"குறையத்தாங்க போகுது. வேற என்னத்த எழுதறது?"

"நாற்காலி போயிடும்."

"போனா முதுகுவலி மிச்சம்."

கணவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன்னோட சண்டை போட்டே எனக்கு வயசாயிடுச்சு. கொஞ்சம் அந்த அதிகாரியும் அனுபவிக்கட்டும். வா, சாப்பிட்டுப் படு."

ஆய்வுக் கூட்டத்தில் வட்டாரத்தின் தலைமையாசிரியர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஒவ்வொருவரின் திட்டத்திலும் இலக்கு நூறு, நூறு, நூறு. கல்வி அதிகாரி தலையாட்டிக்கொண்டே வந்தவர் கணக்கம்மாவின் திட்டத்தில் நின்றார்.

"இப்ப நூறு. அடுத்த வருஷம் எழுபத்தஞ்சா? டைப் அடிச்சவங்க ஏதோ தூக்கத்துல அடிச்சிருக்காங்க போல."

"இல்லீங்க சார். நானே முழிச்சுக்கிட்டு அடிச்சது."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரியின் முகம் இறுகியது.

"மேம்பாட்டுத் திட்டம்மா இது. இறக்கத் திட்டம் இல்ல. நூறுன்னு திருத்திக் குடுங்க. கையெழுத்துப் போடறேன்."

"திருத்தறேன் சார். ஆனா பக்கத்துல, இலக்கை எப்படி அடைவோம்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல, தேறாத பிள்ளைங்களை ஒன்பதாவதோட அனுப்பிடுவோம்னு எழுதணும். இதுவரைக்கும் அப்படித்தான் நடந்தது. நான் எழுதறேன், நீங்க கீழ கையெழுத்துப் போட்டுடுங்க."

மற்றத் தலைமையாசிரியர்கள் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் திட்டத்திலும் அந்தக் கட்டம் இருந்தது. 'கடின உழைப்பு' என்று நிரப்பியிருந்தார்கள்.

அதிகாரி கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் கொடுக்கவில்லை. கோப்பை மூடி ஓரமாக வைத்தார். "அடுத்தவங்க வாங்க" என்றார்.

அந்த ஆண்டு முழுவதும் கணக்கம்மா பொறுப்பிலேயே இருந்தார். பொதுத்தேர்வு முடிவு வந்தது. எழுபத்தாறு. இஸ்திரி போடும் பெண்ணின் மகள் கணக்கில் தேறி, அறிவியலில் மட்டும் தவறி, துணைத்தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள். ஊர் சும்மா இருக்குமா? நல்ல பள்ளிக்கூடத்தைக் குட்டிச்சுவர் ஆக்கிவிட்டாள் என்றது.

அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். "நான் அப்பவே சொன்னேன் இல்லம்மா?"

"நானும் அப்பவே எழுதிக் குடுத்தேன் சார். எழுதினதை விட ஒண்ணு கூடவே வந்திருக்கு. இந்த வட்டாரத்துல திட்டம் போட்டபடி, ஒரு பிள்ளையையும் வெளிய தள்ளாம நடந்த பள்ளிக்கூடம் எதுன்னு விசாரிச்சுப் பாருங்க."

மறுமுனையில் வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் உத்தரவு வந்தது. தலைமையாசிரியர், ரேடியோ சார்.

அவர் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர்கள் அறைக்கு வந்து நின்றார். "எனக்கு சங்கடமா இருக்கு டீச்சர். நான் போய்க் கேட்கலை. சத்தியமா."

"தெரியும் சார். போய் உட்காருங்க. எட்டாவதுக்கு நீங்க நடத்தின மின்சாரப் பாடத்தை விட்டுடாதீங்க. அது போதும் எனக்கு."

ரேடியோ சார் போகாமல் தயங்கினார். "அதிகாரி இன்னொண்ணும் சொல்லியிருக்காரு. இந்த வருஷம் பழையபடி... ஒன்பதாவது பெற்றோரைக் கூப்பிடணுமாம்."

கணக்கம்மா திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"கூப்பிடுங்க. டீ வாங்கிக் குடுங்க. ஆனா விடுகைச் சான்றிதழ்ல உங்க கையெழுத்துக்கு முன்னாடி வகுப்பாசிரியர் கையெழுத்து வேணும். ஒன்பதாவது கடைசிப் பிரிவுக்கு வகுப்பாசிரியர் யாரு?"

"நீங்கதான்."

"நான் போடமாட்டேன். அதிகாரியே நேர்ல வந்து கேட்டாலும் போடமாட்டேன்."

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் புறப்பட்டார்.