வளவுச் சுவரில் ஓர் இடம்

காலை ஏழு மணிக்குப் புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் இறங்கினேன். தோளில் ஒரு பை, கக்கத்தில் போர்வை சுற்றிய படம், மூன்றடிக்கு இரண்டடி. சென்னையிலிருந்து அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்தேன். நடத்துநர் சிரித்தார், சிரிக்கட்டும்.

படத்தில் நானும் சேவியரும் தாமரைக் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறோம். ராயவரத்தில் எங்கள் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்துத் தாழ்வாரத்தில், தம்பதிகளின் கல்யாணப் படங்கள் வரிசையாகத் தொங்கும் சுவரில் இதையும் மாட்டச் சொல்லி ஆத்தாவிடம் கேட்கப் போகிறேன். ஆத்தா என்றால் என்னைப் பெற்றவள். எங்கள் சாதியில் கல்யாணமானால்தான் ஒருவன் புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கு, கோயிலில் பெயர் சேர்த்தி. நாற்பத்திரண்டு வயதாகியும் நான் புள்ளி இல்லை.

முதலில் சித்தன்னவாசல், பதினாறு கிலோமீட்டர். ஆட்டோவுக்குப் போக வர அறுநூறு.

"வீட்டுல வரலீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"கத்தார்ல இருக்காக."

"நர்சுங்களா?"

"இல்ல, ஏ.சி. மெக்கானிக்."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "வெயிலு ஏறுறதுக்குள்ள பாத்துட்டு வந்துருங்க" என்றதோடு சரி.

ஒன்பது மணிக்குக் குகை திறந்தது. கட்டணம் இருபத்தைந்து ரூபாய். விதானத்தில் தாமரைக் குளம்: மீன், யானை, பூப்பறிக்கும் ஆண்கள். அதில் இருவர் அருகருகே. ஆயிரம் வருடத்துக்கும் மேலாக அப்படியே நிற்கிறார்கள். ஏழு வருடத்துக்கு முன் இதே இடத்தில் சேவியர், "அது நீ, இது நான்" என்று கை காட்டினான். அதுவரை என் முகத்தை நான் வரைந்ததில்லை, எனக்கே பிடிக்காது. சென்னை திரும்பியதும் கண்ணாடியை முன்னால் வைத்து வரைந்தேன், வழுக்கை, தொப்பை எல்லாவற்றையும். வரைய வரைய அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. சேவியருக்கு ஆவூர், இதே மாவட்டம். இன்று என்னோடு வந்திருக்க வேண்டியவன், லீவு கிடைக்கவில்லை. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றேன். அவனைப் பார்க்க வேண்டும்போல் அப்படி ஓர் ஏக்கம்.

ஒரு மணிக்கு ராயவரம். ஆத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள்.

"வயித்தைக்கூட விடாமப் போட்டுருக்கியேய்யா." பிறகு சேவியரை வெகுநேரம் பார்த்தாள். "இத எதுக்கு இங்கிட்டுக் கொண்டாந்த?"

"அண்ணன் கல்யாணப் படத்துக்குப் பக்கத்துல மாட்டணும் ஆத்தா."

"ஒன்ன மட்டும் வரைஞ்சு குடு, மாட்டுறேன்."

"ரெண்டு பேரும்னாத்தான்."

ஆத்தா இலை போட்டாள், சாப்பிட்டேன். நாலு மணிக்குப் படத்தை மறுபடி போர்வையில் சுற்றினேன். முறுக்கு டப்பாவோடு வாசல்வரை வந்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவுக எந்தக் கோயிலு?"

எங்களில் சம்பந்தம் பேச உட்கார்ந்தால் முதல் கேள்வி இதுதான். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் கட்டிக்கொள்ளக் கூடாது. இருபது வருடம் எனக்காகப் பெண் வீட்டாரிடம் ஆத்தா கேட்ட கேள்வி.

"கோயில் இல்ல ஆத்தா. ஆவூர் சர்ச்சு."

ஆத்தா முறுக்கு டப்பாவை என் கையில் வைத்தாள். "அப்ப நம்ம கோயிலு இல்ல" என்றாள்.

படத்தை அவளிடமே விட்டுவிட்டுக் கிளம்பினேன். மாட்டுவாளா, பீரோவுக்குப் பின்னால் வைப்பாளா, தெரியாது. திருமயம் போகும் பேருந்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். சென்னையில் இந்தப் படத்தைக் கண்காட்சியில் வைத்தபோது வண்ணம் அபாரம் என்றார்கள், துணிச்சல் என்றார்கள். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது ஆத்தா மட்டும்தான். அவனை ஒருநாள் அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், மீதியை அவளே கேட்டுக்கொள்ளட்டும்.