வலப்பக்கம் நிற்பவர்

குழாய் ஒழுகினால் அதன் வாயை மட்டும் இறுக்கிவிட்டுப் போகிறவர் அல்லர் அவர். தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து இறங்குகிறது, எந்தச் சுவருக்குள் திரும்புகிறது, எந்த வால்வைத் தாண்டி வருகிறது என்பதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுப்பார். சட்டைப் பையில் எப்போதும் சில ரப்பர் வாஷர்கள் கிடப்பதால், அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு ‘வாஷர் அண்ணன்’ என்று பெயர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறார். ஒரே மகள் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்கிறாள்.

எல்லார் வீட்டுத் தண்ணீருக்கும் மூலம் கண்டவருக்குத் தம்முடைய மூலம் தெரியாது. அவர் பள்ளியில் சேருவதற்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். அப்பாவின் வீட்டார் அந்தத் திருமணத்தை ஏற்கவில்லையாதலால், அம்மா அவர்களில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. கணவர் சொல்லக் கேட்டதை மட்டும் மகனிடம் சொல்லிவைத்தார். அப்பாவுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி, ஒரு கடைக்குட்டித் தங்கை. தம்பி இளவயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர் திரும்பவில்லை. தங்கை எங்கோ வாழ்க்கைப்பட்டுப் போனாள். இந்தச் செய்திகளோடு ஸ்டுடியோவில் எடுத்த ஒரு குடும்பப் படமும் அவர் கைக்கு வந்தது. நாற்காலிகளில் பெற்றோர், பின்னால் நிற்கும் மூன்று இளைஞர்கள், தரையில் சம்மணமிட்ட ஒரு சிறுமி. நடுவில் நிற்பவர் அப்பா.

படம் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும், மகளுக்குத் திருமணம் நிச்சயமாகாமல் இருந்திருந்தால். அதே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் இளைஞன் ஒருவனும் அவளும் விரும்பினார்கள். இரண்டு வீட்டாரும் மகிழ்ச்சியோடு சம்மதித்து மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியாயிற்று. யார் யாரை அழைப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது மனைவி சொன்னார்.

“எங்க ஆளுங்களுக்கு மண்டபமே பத்தாது. உங்க பக்கம் யாரு வர்றாங்க? நீங்களும் உங்க டூல் பெட்டியும்தானே?”

“ஏன், பிளம்பர் சங்கத்துல இருந்து வருவாங்க.”

“வந்தா நல்லதுதான். கை கழுவற இடத்துல அடைப்பு எடுக்க ஆள் தேடவேண்டாம்.”

அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்தது. மறுநாளே மகளை உட்கார்த்திவைத்து, வம்சாவளி தேடும் இணையதளம் ஒன்றில் கணக்குத் தொடங்கினார். கட்டங்களும் கோடுகளுமாக விரிந்த அந்தப் பக்கம் அவருக்கு உடனே பிடித்துப்போயிற்று. “இதுவும் குழாய் லைன்தானேம்மா” என்றார். தெரிந்த பெயர்களை நிரப்பினார். ஸ்டுடியோப் படத்தை ஏற்றினார். தாத்தா, பாட்டியின் பெயர்கள் வேறொருவர் போட்டுவைத்த வம்ச மரத்திலும் இருப்பதாகத் தளம் காட்டியது. அந்த மரத்தை வைத்திருந்தவர் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெண். “அவங்க என் அப்பாவோட பெத்தவங்க. நீங்க எங்களுக்கு என்ன வேணும்?” என்று தட்டுத்தடுமாறி ஒரு செய்தி அனுப்பினார். பதில் இல்லை. தினமும் வேலைக்குக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் திறந்து பார்ப்பார். செய்தி படிக்கப்பட்டிருந்தது; பதில்தான் இல்லை.

இதற்கிடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழைப்பிதழ் வாசகத்தை முடிவுசெய்ய மாப்பிள்ளையின் பெற்றோர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பேக்கரி வேன் ஓட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்தவர், கலகலப்பான மனிதர். வாஷர் அண்ணன் பெருமையோடு கணினியைத் திருப்பிக் காட்டினார்.

“பாருங்க சம்பந்தி, எங்க அப்பா வீட்டு ஆளுங்க.”

வேன்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

“வலப்பக்கம் நிக்கிறாரே, இவரு யாரு?”

“அதான் வீட்ட விட்டுப் போன பெரியப்பாவா இருக்கணும். ஏன்?”

“இது எங்க அப்பா.”

மனைவியின் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. வேன்காரர் தம் கைபேசியில் தகப்பனாரின் இளமைக்காலப் படம் ஒன்றைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஐயத்துக்கு இடமில்லை. அதே நீண்ட முகம். இடப் புருவத்தை இரண்டாகப் பிரிக்கும் அதே தழும்பு.

“அப்பா இருந்தவரைக்கும் தன் வீட்டப் பத்தி வாயே திறந்ததில்லைங்க. கேட்டா, எனக்கு யாரும் கிடையாது, நீங்கதான்டா எல்லாம்னு முடிச்சிருவாரு.”

ஒருபக்கம், போன இடம் தெரியாத அண்ணன். மறுபக்கம், வந்த இடம் தெரியாத ஒரு மனிதர். இங்கே ஒரு முனை திறந்திருக்க, அங்கேயும் ஒரு முனை திறந்திருந்தால், குழாய்க்காரரின் கை சும்மா இருக்குமா? பெயர்கள் பொருந்தவில்லையே என்று மகள் கேட்டதற்கு, “வீட்டையே விட்டுப் போனவரு பேரை மட்டும் தூக்கிட்டா போயிருப்பாரு?” என்று பதில் சொல்லிவிட்டுக் கட்டங்களை இணைத்தார். திரையில் கோடு விழுந்தது.

“அப்படின்னா நீங்க எனக்குப் பெரியப்பா பையன்!”

“தம்பி!” என்று வேன்காரர் அவரை இழுத்துக் கட்டிக்கொண்டார். இருவர் கண்களும் கலங்கின. கூடப்பிறந்தார் இல்லாமல் வளர்ந்தவருக்கு, ஒருவர் தம்மைத் ‘தம்பி’ என்று அழைத்தது அதுவே முதல் தடவை.

மனைவிதான் மெல்லக் கேட்டார்.

“கொஞ்சம் நில்லுங்க. நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பின்னா, புள்ளைங்க ரெண்டும் என்ன?”

பங்காளி வீட்டுப் பிள்ளைகள் என்றால் அண்ணன் தங்கை. அச்சுக்குப் போகவேண்டிய அழைப்பிதழ் மாதிரியை வேன்காரரின் மனைவி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்து வந்த நாள்கள் அந்த வீட்டில் யாருக்கும் நன்றாக இல்லை. வெளியில் சொல்லாமல் நடத்திவிடலாம் என்றார் மனைவி. “இது நம்ம ரெண்டு வீட்டுக்கு மட்டும்தானே தெரியும்?” தெரியாமல் செய்திருந்தால் அது வேறு, தெரிந்த பிறகு மணவறையில் எப்படி நிற்பது என்றார் வேன்காரர். வாஷர் அண்ணனுக்கும் அதுவே சரியாகப் பட்டது. சரியாகப் பட்டதாலேயே மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகளோ ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

“சொந்தக்காரங்களத் தேடுறேன்னு உக்காந்தீங்க. சரி. மொதல்ல கிடைச்ச ஆளே என் மாமனாராவா இருக்கணும்?”

எக்ஸ்ரே இளைஞன் ஒருநாள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனான். எப்படி அழைப்பது என்றே அவனுக்கு விளங்கவில்லை. “மாமா… இல்ல, சித்தப்பா… எச்சில் எடுத்து மரபணு டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமா?” என்றான். செய்யலாம்தான். ஆனால் முடிவு வருவதற்குள் மண்டபத்து நாள் கடந்துவிடும் என்று அவனே விசாரித்து வைத்திருந்தான். எதுவும் தெளிவாகாமல் வீட்டுக்குள் வந்துபோவது நன்றாக இராது என்று மனைவி தயங்கியபடி சொல்ல, அதன்பின் மகளை வேலையிலிருந்து அழைத்துவந்து கீழே வாகன நிறுத்தத்திலேயே விட்டுவிடுவான். ஏறிவரமாட்டான்.

எல்லாவற்றிலும் கொடுமை, வேன்காரரின் அன்பு. தினமும் கைபேசியில் கூப்பிடுவார். “தம்பி, சாப்டியா? வேலைக்குப் போனியா?” ஏணிமேல் நின்றபடி இவர் “ம்… சாப்டேண்ணே” என்பார். எத்தனையோ காலம் ஏங்கிய குரல் வந்துவிட்டது. அது வந்த வழியோ மகளின் வாழ்வை மறித்துக்கொண்டு கிடந்தது.

மரத்தில் இணைத்த கோட்டை அழித்துவிடலாமா என்று பலமுறை நினைத்தார். அழித்தால் திரையில்தான் போகும். புருவத் தழும்பு போகாது.

அந்த நிலையில்தான், ஒரு மாலை வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது, கணினியிலிருந்து அழைப்பு ஒலித்தது. வெளிநாட்டுப் பெண்தான். “தப்பா எடுத்துக்காதீங்க. யாரோ பரிசு விழுந்திருக்குன்னு ஏமாத்துற கும்பல்னு நினைச்சுட்டேன். எங்க மாமியார்கிட்ட காட்டினப்புறம்தான் தெரிஞ்சுது” என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் உறைபோட்ட சட்டைகளும் கோட்டுகளும் வரிசையாகத் தொங்கின. அது சலவைக் கடை. அவற்றை விலக்கிக்கொண்டு, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிவிட்டிருந்த ஒரு பெண்மணி கேமராவுக்கு மிக நெருங்கி முகத்தை வைத்தார்.

“இரு, இரு. சொந்தம்னு சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். உங்கப்பன் எந்தக் கையில எழுதுவான்?”

“இடது கை. அதுக்காக அவரு அடி வாங்கியிருக்காருன்னு அம்மா சொல்லுவாங்க.”

“அடிச்சது எங்கப்பாதான்!” குரல் உடைந்தது. “டேய், நான் உன் அத்தைடா. எவ்வளவு நாளா எங்கடா இருந்தே?”

அழுகையும் சிரிப்பும் சற்று அடங்கிய பிறகு, வாஷர் அண்ணன் நடந்ததைச் சொன்னார். மனைவியும், அப்போதுதான் வேலையிலிருந்து வந்த மகளும் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். படத்தைத் திரையில் காட்டி, வலப்பக்கம் நிற்பவரைச் சுட்டி, இவர்தானே பெரியப்பா என்று கேட்டார். கேட்கும்போது குரலில் நம்பிக்கை இல்லை.

அத்தை முகத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார்.

“பெரியண்ணனா? இவனா? அட, இது லைட்டு புடிச்ச பையன்டா!”

“என்ன அத்தை சொல்றீங்க?”

“படம் எடுக்கப் போறதுக்கு மொத நாள்தான் பெரியண்ணன் கோவிச்சுக்கிட்டு வீட்ட விட்டுப் போனான். அம்மா விடல. சாயங்காலத்துக்குள்ள வந்துருவான்னு சொல்லி, அவன் கோட்டையும் கையில எடுத்துக்கிட்டு எங்களக் கூட்டிட்டுப் போனா. கோட்டு வந்துச்சு, ஆளு வரல. போட்டோக்காரரு பாத்தாரு. இந்தப் பக்கம் ஒருத்தன் நிக்கிறான், அந்தப் பக்கம் காலி, படம் ஒருபக்கமா சாயுதுன்னாரு. லைட்டு புடிச்சுக்கிட்டு இருந்த பையனக் கூப்பிட்டு, அந்தக் கோட்ட மாட்டி நிக்கவச்சுட்டாரு. நான் சிரிச்சுட்டேன்னு தலையில ஒரு குட்டு வேற. பாரு, மூஞ்சிய எப்படி வச்சிருக்கேன்.”

எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். வலப்பக்கம் நிற்பவரின் கோட்டுக் கை விரல்நுனி வரை இறங்கி, தோள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அத்தனை நாளும் முகத்தையே பார்த்தவர்கள் உடையைப் பார்க்கவில்லை.

“பெரியண்ணன் உங்கப்பன விட ஒரு முழம் உசரம். அவன் இங்க வந்துதான் குடும்பம் நடத்துனான். நாலு தெரு தள்ளி வீடு. போன வருஷம்தான் தவறிட்டான். ரெண்டு பொண்ணுங்க இருக்காளுங்க, உனக்கு அக்காங்க. இரு, அவன் படம் அனுப்பச் சொல்றேன்.”

படம் வந்தது. கதவு நிலையைத் தலை தொடும் உயரத்தில் ஒருவர், இரண்டு மகள்களின் தோள்களில் கைபோட்டு நின்றார். புருவத்தில் தழும்பு இல்லை.

மகள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். வாஷர் அண்ணன் அத்தையிடம் சற்று இருக்கச் சொல்லிவிட்டு, வேன்காரரைக் கைபேசியில் அழைத்தார்.

“உங்கப்பா எப்பவாவது ஸ்டுடியோவுல வேலை பாத்தாராண்ணே?”

“ஸ்டுடியோவா? சின்ன வயசுல ஏதோ போட்டோக் கடையில எடுபிடியா இருந்தேன்னு சொல்லுவாரு. பல்பு சூட்டுல கை கொப்பளிச்சு ஓடிவந்துட்டேன்னு. ஏன் தம்பி?”

“இனிமே என்னத் தம்பின்னு கூப்பிடாதீங்க.”

“நான் ஏதாவது தப்பாப் பேசிட்டனா?”

“ஐயோ, இல்ல சம்பந்தி. இல்ல.” மனைவி கைபேசியைப் பிடுங்கிக் கோட்டுக் கதை முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். வேன்காரர் சிரித்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது.

“அப்பன் அடுத்தவன் கோட்டப் போட்டான். நான் அடுத்தவன் தம்பியக் கட்டிப் புடிச்சு அழுதுட்டேன்” என்றார். பிறகு, சற்றுத் தாழ்ந்த குரலில், “ஆனா ஒண்ணு சம்பந்தி, நீங்க நல்ல தம்பியாதான் இருந்தீங்க” என்றார்.

“நீங்களும்தான்.”

திரையில் அத்தை பொறுமை இழந்திருந்தார். “பொண்ணு எங்க? மாப்பிள்ளை எங்க? ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்கவச்சுக் காட்டு!”

அவன் எங்கே என்று வாஷர் அண்ணன் மகளைக் கேட்டார். இப்போதுதான் இறக்கிவிட்டான், இன்னும் கீழேதான் இருப்பான் என்றாள். ஈரக் காலோடு அவர் மாடிப்படி முகப்புக்குப் போய்க் கைப்பிடிச் சுவரின்மேல் குனிந்தார். வாகன நிறுத்தத்தில் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு அவன் வண்டிமேல் சும்மா உட்கார்ந்திருந்தான். கிளம்பவும் இல்லை, மேலே பார்க்கவும் இல்லை.

“மாப்பிள்ளை!”

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். தன்னைத்தானா என்று பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

“உங்களத்தான் மாப்பிள்ளை. அங்க என்ன வேலை? மேல வாங்க, எங்க அத்தை பாக்கணுமாம்.”

தலைக்கவசம் உருண்டு விழுந்த ஓசை மூன்று மாடிக்கும் கேட்டது. அதை எடுக்க அவன் நிற்கவில்லை.