ஆற்றுப்பாலத்து ஏற்றம்

ஏரலில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா, தலையிலிருக்கும் கூடையை இறக்காமலே ஊர்க்கதை முழுவதும் பேசுவார். கழுத்து மட்டும் அசையாது.

என் பழைய காருக்கு இழுவை கூடட்டுமென்று, ஞாயிறுதோறும் வாசலில் வைத்து எஞ்சினில் தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது இக்னிஷன் டைமிங்கை, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறு அவர் நின்று பார்த்தார்.

“இங்கன நல்லாத்தான் ஓடுது அண்ணாச்சி. ஆத்துப்பாலத்து ஏத்தத்துல, டப்பாவுல சில்லறையக் குலுக்குன மாதிரில்லா கேக்கு! நீங்க திருப்பத் திருப்ப அது கூடத்தான் செய்யுது.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னால் திருப்பி முடுக்கினேன். அவரையும் கூடையையும் ஏற்றிக்கொண்டு பாலத்துக்கு விட்டேன். வண்டி ஏற்றத்தில் வெண்ணெயாக ஏறியது. இருவரும் சத்தமாகச் சிரித்துவிட்டோம்.

“இது எப்படிக்கா உங்களுக்குத் தெரிஞ்சுது?”

“தெனமும் இந்தப் பாலத்துலதான நடக்கேன். கூடையோட திரும்பிப் பாக்க முடியுமா? பின்னால வார வண்டியச் சத்தத்த வச்சுத்தான் ஒதுங்குதேன்.”

ஒரு வாரம் காருக்குள் மீன் வாடை போகவில்லை. இப்போதெல்லாம் பாலத்தில் அவரை நெருங்கும்போது நான் ஹார்ன் அடிப்பதில்லை. திரும்பாமலே எனக்குக் கையை உயர்த்துகிறார்.