நோட்டீஸுக்கு அடியில் அப்பா

2001-ஆம் வருடம், காஞ்சிபுரத்தில் வைகாசி கருட சேவை. ஓய்வு பெற்ற ஆசிரியரான என் அப்பாவுக்கு அப்போது மறதி நோய் முற்றத் தொடங்கியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர், ஒரு நெரிசலில் விலகிப் போய்விட்டார். போலீஸில் சொன்னோம், தெருத்தெருவாகத் தேடினோம். மறுநாள் ‘காணவில்லை’ நோட்டீஸ் அடிக்கலாமென்று ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம்.

கூட வந்த சித்தப்பா, “மேல பெருமாள் படம் இல்லாமலாடா?” என்றார். அக்கா, அப்பா வாங்கிய பட்டங்களைப் போடச் சொன்னாள். நானும் வேட்டியின் கரை, கழுத்து மச்சம், விலாசம், உறவினர்களின் ஃபோன் நம்பர்கள் என்று சேர்த்துக்கொண்டே போனேன். சுற்றிலும் பூ பார்டர். இடமில்லாமல் அப்பாவின் படம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது.

வாலாஜாபாத் வரை ஒட்டினோம். நாட்கள் போயின, ஒரு ஃபோன்கூட வரவில்லை. கடைசியில், வாலாஜாபாத் போகும் வழியிலிருந்த ஒரு டீக்கடையில் அப்பாவின் பெரிய படத்தை எடுத்துக் காட்டினேன். கடைக்காரர் பதறிப்போனார்.

“ஐயோ, இவரா? முந்தாநாள் இங்கதான் சார் குந்திக்கினு இருந்தாரு! நான்தான் டீ குடுத்தேன்.”

அவர் காட்டிய பெஞ்சுக்கு நேர் மேலே எங்கள் நோட்டீஸ்.

“இது ஏதோ கோயில் நோட்டீஸுன்னு நெனச்சிக்கினேன் சார். மூஞ்சியே தெரியலியேபா.”

எனக்கு அழக்கூட வரவில்லை.

திரும்பவும் அதே சென்டர். நடந்ததைச் சொன்னதும், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் பழைய நோட்டீஸைத் திரையில் திறந்தாள். பிறகு, “எல்லாத்தையும் பெருசா போட்டா எதுவுமே கண்ணுல நிக்காது சார். மொதல்ல மூஞ்சி, அப்புறம் ஒரே ஒரு நம்பர். சுத்தி வெள்ளையா விட்டுடலாம்” என்றாள். பட்டங்கள் போயின, பூக்கள் போயின. பெருமாள் படத்தை எடுத்தபோது சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், தடுக்கவில்லை. பாதித் தாளை நிறைத்துக்கொண்டு அப்பா எங்களைப் பார்த்தார்.

புது நோட்டீஸை ஒட்டிய அன்று சாயங்காலமே, வாலாஜாபாத்துக்குப் பக்கத்திலிருக்கும் தென்னேரியிலிருந்து ஃபோன் வந்தது. ஓடினோம். ஒரு விவசாயி வீட்டில், கயிற்றுக் கட்டிலில் அப்பா படுத்திருந்தார். “நேத்து ஏரிக்கரையில வழுக்கி விழுந்துட்டாரு சார். பேரு கேட்டா சொல்லத் தெரியல. நாங்கதான் தூக்கியாந்து கட்டு போட்டு வச்சிருக்கோம்” என்றார் அந்த வீட்டுக்காரர். நான் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்தும் அப்பா அதற்குப் பிறகு நடக்கவே இல்லை.

அப்பாவைப் பற்றி ஊருக்குச் சொல்ல எங்களிடம் எவ்வளவோ இருந்தது. ஊருக்குத் தேவைப்பட்டதோ அவர் முகம் மட்டும்தான் என்பது இரண்டு நாள் முன்னால் தெரிந்திருக்கக் கூடாதா என்று மனசு இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.